வேட்டைப் பயிற்சிக்கு உடுப்பு தைத்துத் தந்த தேக்கா தையல்கடை

சிங்கப்பூரில், தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் சேலைக் கடைகளும் சுடிதார் கடைகளும் நெருக்கியடிக்கும் வரிசையின் கடைக்கோடியில், இரண்டு தையல் இயந்திரங்களோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. ரவிக்கை தைக்கவும் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கவும்தான் பெரும்பாலும் அவரிடம் ஆட்கள் வருகிறார்கள். ஆப்பிரிக்கப் புதர்க்காட்டுக்கு உடுத்திப் போக நான் அவரிடம் மூன்று சட்டைகளும் இரண்டு கால்சட்டைகளும் தைத்துக்கொண்டேன். இந்தத் தீவில் ஆயத்த உடையாக விற்கும் எதுவும் அந்தக் காட்டுக்கு இவற்றைப்போல் பொருந்தாது என்பது என் முடிவு. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், நான் எங்கே போகிறேன், அங்கே உடுப்பு என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

நான் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் தொண்டூழிய வழிகாட்டி. முதலைகள் நடமாடும் கரையோரமாகப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடப்பவள். வரும் ஜூன் மாதம் சிம்பாப்வேயின் சாம்பேசி ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஆபத்தான விலங்குகளுக்கான வேட்டைப் பயிற்சி ஒன்றில் சேர்கிறேன். தடம் பார்ப்பது, காற்றறிந்து நெருங்குவது, காட்டெருமையின் நெஞ்சுக்கூட்டில் இதயம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று படிப்பது, பாய்ந்து வரும் விலங்கின் முன்னால் ஓடாமல் நிற்பது ஆகியவை அங்கே பாடங்கள். யானை, நீர்யானை, காட்டெருமை ஆகியவற்றுக்கு அந்நாட்டு விதி குறைந்தது 9.2 மி.மீ. விட்டமும் 5.3 கிலோஜூல் ஆற்றலும் உள்ள துப்பாக்கியைக் கேட்கிறது. 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டா இந்த எல்லையைத் தாண்டுகிறது. பயிற்சிக்கு அந்த வகைத் துப்பாக்கியை அங்கேயே தந்துவிடுகிறார்கள். ஆகவே நாம் இங்கிருந்து ஆயத்தம் செய்துகொண்டு போக வேண்டியவை உடம்பு, உடுப்பு, காலணி மூன்றும்தான். பயிற்சிக்காரர்கள் அனுப்பிய கடிதத்தில் உடுப்புக்கென்றே நீண்ட பகுதி ஒன்று இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கறுப்பும் நீலமும் கூடாது. அவை செட்சி ஈயை இழுக்கும் நிறங்கள். அந்த ஈயைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே நீலத் துணியிலும் கறுப்புத் துணியிலும்தான் செய்கிறார்கள். கடி வலிக்கும் என்பதோடு போவதில்லை, தூக்க நோயைப் பரப்புவதும் அதுதான். இராணுவத்தினர் உடுத்தும் உருமறைப்புத் துணியும் கூடாது. சிம்பாப்வேயில் பொதுமக்கள் அதை உடுத்துவது சட்டப்படி குற்றம். தேசிய சேவை முடித்த என் தம்பி தன் பழைய நம்பர் 4 சீருடையைத் தருவதாகச் சொன்னான், வேண்டாம் என்று விளக்கிச் சொல்லிவிட்டேன். வெள்ளையும் பளிச்சென்ற வெளிர்நிறங்களும் தொலைவிலேயே கண்ணில் படும். மற்றபடி எருமைக்குச் சிவப்பும் பச்சையும் நமக்குத் தெரிவதுபோல் பிரிந்து தெரிவதில்லை. அதற்கு நம்மைக் காட்டிக்கொடுப்பவை வாடை, அசைவு, ஓசை. இந்த மூன்றாவது விஷயத்தில்தான் நம்மூர்க் கடைகள் கைவிட்டுவிடுகின்றன.

மலையேறிகளுக்கும் நெடுந்தூர நடையர்களுக்கும் பொருள் விற்கும் கடைகள் பலவற்றில் ஏறி இறங்கினேன். எல்லாம் நைலான், இல்லையென்றால் பாலியெஸ்டர். வியர்வை சட்டென்று உலரும், எடை குறைவு, புக்கிட் தீமா குன்றில் ஏறுவதற்கு நல்ல உடுப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடக்கும்போது தொடையோடு தொடை உரசினாலே சரக் சரக்கென்று கேட்கிறது. முள்ளில் கீறினால் இன்னும் உரக்கக் கேட்கும். பைகளுக்கெல்லாம் வெல்க்ரோ ஒட்டு. எருமைக் கூட்டத்துக்குச் சில பத்து மீட்டர் தூரத்தில் குந்தியிருந்துகொண்டு வெல்க்ரோவைப் பிரிப்பதை எண்ணிப் பாருங்கள். பெண்களுக்கென்று வெட்டிய கால்சட்டைகளின் பைகளோ கைக்குட்டைக்கே போதாது. ஆண்களுக்கான சட்டையோ எனக்கு இடுப்பில் நின்றால் தோளில் தொங்கியது. தைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி என்று தேக்காவுக்குப் போனேன்.

பெரியவர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் விரித்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொன்னார். ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தக் கடையின் முதல் சிறப்பு இதுதான். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சரி என்று தலையாட்டி, வாரக் கடைசியில் வாங்கிக்கொள்ளச் சொல்லும் தையல்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் அன்று அளவே எடுக்கவில்லை. “முதலில் அராப் ஸ்ட்ரீட்டில் போய்த் துணி பாரம்மா. பிடித்ததில் எல்லாம் கைக்குட்டை அளவு வெட்டி வாங்கி வா. மொத்தமாக வாங்கிவிடாதே,” என்றார்.

வாங்கிப் போனேன். ஒவ்வொரு துண்டையும் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தார். காக்கி நிறத்தில் மடமடப்பாக இருந்த ஒன்றை, எனக்கு மிகவும் பிடித்திருந்ததை, உடனே ஒதுக்கினார். என் காதருகிலும் கீறிக் காட்டினார், சர்ரென்று கேட்டது. அடுத்து ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஓர் இழையை உருவி, லைட்டரால் பற்றவைத்தார். ஒன்று சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது. இன்னொன்று காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் தூளாகும் சாம்பலாகியது. விற்றவர் பருத்தி என்று சொல்லியிருந்த இரண்டில் ஒன்று கலப்புத் துணி என்பது அப்போதுதான் தெரிந்தது. தேறியது கனமான பருத்தி ட்ரில், பழுத்த புளியின் பழுப்பு. இலைப்பச்சையில் அந்தத் தரம் கிடைக்கவில்லை, அதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

அசல் பருத்திதான் வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்கு ஓசை மட்டும் காரணமில்லை. அந்தப் பகுதிகளில் புட்சி என்றொரு ஈ இருக்கிறது. நிழலில் காயும் ஈரத்துணியில் முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து கட்டியாக வளரும். அதற்காகவே அங்குள்ள முகாம்களில் உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் சூடாக இஸ்திரி போட்டுத்தான் கொடுக்கிறார்கள். மின்சாரம் இல்லாத முகாமில் அது கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. அந்தச் சூட்டில் பாலியெஸ்டர் கலந்த துணி இளகிப் பளபளத்துவிடும். இதைச் சொன்னதும் பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொழில் கற்ற காலத்தில் கரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கித் தோள் வலித்த கதையைச் சொன்னார். துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னதும் அவர்தான். சுருங்குவது முதலிலேயே சுருங்கிவிடும். அந்தப் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று. பலமுறை துவைத்தும் அளவு மாறவில்லை.

பிறகு அளவு. நேராக நிற்கவைத்து எடுக்கும் அளவு இதற்குப் பயன்படாது. துப்பாக்கியைத் தூக்கும்போது சட்டை எப்படி இழுபடுகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். நம் நாட்டில் துப்பாக்கிச் சட்டம் கடுமையானது, அசலைப் போலத் தோன்றும் போலித் துப்பாக்கிக்கும் கட்டுப்பாடு உண்டு. பெரியவர் துணி சுற்றிவரும் நீண்ட அட்டைக் குழல் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். சேலை வாங்க வந்தவர்கள் நடந்துபோகும் வழியில் நின்றுகொண்டு, குழலைத் தோளில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினேன். குழலின் அடி வலது தோளில் வந்து பதியும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். அந்த வட்டத்துக்குள் பித்தானும் வரக்கூடாது, பையின் மூடியும் வரக்கூடாது, தடித்த தையலும் வரக்கூடாது என்று முடிவாயிற்று. .375இன் உதை சுடுகளத்தில் நான் பழகிய காற்றுத் துப்பாக்கியோடு ஒப்பிடவே முடியாதது. தோளுக்கும் துப்பாக்கியின் அடிக்கட்டைக்கும் நடுவில் ஒரு பித்தான் இருந்தால் அது சதையில் பதிந்துவிடும். அவசரத்தில் தூக்கும்போது கட்டையின் முனை பைமூடியில் சிக்கினாலோ அதைவிட மோசம். பாய்ந்து வரும் சிங்கம் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடியது. அந்த வேகத்தில் 20 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறக்குறைய ஒரு நொடி போதும்.

ஆகவே வலது மார்பு வெறுமை, இடது மார்பில் மட்டும் ஒரு பை. முதுகில் இரு தோள்பட்டைகளுக்கும் கீழே மடிப்பு விட்டுத் தைத்திருக்கிறார். கையை முழுக்கத் தூக்கினாலும் சட்டை இடுப்பிலிருந்து வெளியே வருவதில்லை. காலரைத் தூக்கிவிட்டால் பிடரிக்கு வெயில் படாது. கையை முழங்கை வரை சுருட்டிப் பித்தான் போட்டுக்கொள்ள உட்புறம் ஒரு பட்டி. பித்தான்கள் எல்லாம் உலோகமல்லாதவை, துப்பாக்கியின் குழாயில் பட்டால் டிங் என்று கேட்காது.

கால்சட்டையில் அவருடைய கைத்திறன் இன்னும் தெரிகிறது. இரு கால்களும் சேரும் இடத்தில் சாய்சதுரமாக ஒட்டு ஒன்று கொடுத்திருக்கிறார். மண்டியிட்டாலும் சம்மணமிட்டாலும் குந்தினாலும் பிடிப்பதில்லை. வேட்டைக்காரர்கள் பலர் அரைக்கால்சட்டையே போடுகிறார்கள், அது ஓசையற்றது என்பது அவர்கள் அனுபவம். எனக்கு உண்ணியும் முள்ளும் முக்கியமாகப் பட்டதால் முழுநீளம் போதும் என்றேன். இடுப்புப் பட்டிக்கான வளையங்களை ஐந்து சென்டிமீட்டர் வார் நுழையும்படி அகலமாக, இரட்டைத் தையலில் போட்டார். அந்த வாரில் தோட்டாக்களைச் செருகிக்கொண்டு நடக்க வேண்டும். .375 தோட்டா ஒன்று ஏறத்தாழ 40 கிராம். பத்துத் தோட்டாக்கள் ஒரு பக்கமாக இழுத்தால் மெல்லிய வளையம் பிய்ந்து வந்துவிடும். “எதற்கம்மா தொடையில் பை?” என்று அவரே கேட்டு அதை எடுத்துவிட்டார். அவர் கேட்டது சரி, அதில் எதைப் போட்டாலும் நடையில் அடித்துக்கொண்டே வரும்.

மிச்சத் துணியில் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். காற்று பார்க்கச் சாம்பல் பை ஒன்று வேட்டைக்காரர்கள் கையில் எப்போதும் இருக்கும். சிறு துணிப்பையைத் தட்டினால் சாம்பல் புகையாகக் கிளம்பி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும். நெருங்கும் ஒவ்வொரு கட்டத்திலும் தட்டிப் பார்ப்பார்கள். காற்று நம் முதுகிலிருந்து எருமையின் பக்கம் திரும்பிவிட்டால் அன்றைய உழைப்பு முடிந்தது. ட்ரில் துணி நெருக்கமான நெசவு, தட்டினால் ஒன்றும் வரவில்லை. பெரியவர் தன் பெட்டியைக் கிளறிப் பழைய மல்வேட்டித் துண்டில் இரண்டு பைகள் தைத்து, வாயில் நாடா கோத்துக் கொடுத்தார். பூசை அலமாரியிலிருந்த ஊதுபத்திச் சாம்பலைப் போட்டுத் தட்டிப் பார்த்தேன், அருமையாகக் கிளம்பியது. அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இனிக் குறைகள். தீபாவளி நெருக்கத்தில் கொடுத்தேன். சொன்ன நாளில் கிடைக்கவில்லை, அடுத்துச் சொன்ன நாளிலும் கிடைக்கவில்லை. ரவிக்கைகளின் குவியலுக்கு அடியில் என் துணி வெட்டாமல் கிடந்ததை நானே பார்த்தேன். பயணம் ஜூனில் என்பதால் பொறுத்துக்கொண்டேன், அடுத்த வாரம் விமானம் ஏற வேண்டியவராக இருந்தால் கொந்தளித்திருப்பேன். தாமதமாகும் என்று ஒரு வார்த்தை தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். முதல் சட்டையின் காஜாக்களை மெல்லிய நூலில் போட்டிருந்தார், இரண்டு துவைப்பில் பிசிர் கிளம்பியது. எடுத்துக்கொண்டு போனதும் முணுமுணுக்காமல் எல்லாவற்றையும் பிரித்துத் தடித்த நூலில் போட்டுத் தந்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உடுத்திப் பார்க்க மறைப்பு அறை கிடையாது, ஒரு திரையும் கையகலக் கண்ணாடியும்தான். பெண்கள் கால்சட்டையைப் போட்டுப் பார்க்க அது போதாது. நான் கீழே உள்ள கழிவறைக்குப் போய் மாற்றிக்கொண்டு மேலே ஏறி வந்தேன்.

உடுப்பைச் சில மாதங்களாக உடுத்திப் பழகிவிட்டேன். ரயில் பாதைப் பசுமைவழியில் விடியற்காலையிலும், மெக்ரிச்சி காட்டுப்பாதையில் நடுப்பகலிலும், முதுகில் தண்ணீர்ச் சுமையோடு நடந்தேன். நம் புழுக்கத்தில் கனத்த பருத்தி வியர்வையைக் குடித்துக் கனக்கிறது, இதை மறைக்க மாட்டேன். வறண்ட பள்ளத்தாக்கில் அந்தச் சிரமம் இருக்காது. ஜூனில் அங்கே குளிர்காலம், விடியலில் இந்தக் கனம் கைகொடுக்கும். முள்ளுக்கு எங்கள் புளோக்கின் கீழே வளர்ந்து கிடக்கும் காகிதப்பூப் புதரை வைத்துக்கொண்டேன். கையையும் காலையும் அதில் உரசி இழுத்தேன். துணியில் கீறல் விழுந்தது, கிழியவில்லை. கேட்டதும் மெல்லிய உரசல் மட்டும். ஆனால் காகிதப்பூவின் முள்ளை வைத்து முழுத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. சாம்பேசிப் பக்கத்தில் எருமைமுள் என்ற மரம் நம் இலந்தைக்கு நெருங்கிய உறவு, இலந்தையைப் போலவே கணுவுக்கு இரண்டு முள், ஒன்று நேராகக் குத்தும், மற்றொன்று வளைந்து பிடிக்கும். ஊரில் இலந்தை பொறுக்கப் போய்ப் பாவாடை கிழிந்தவர்களுக்கு அந்தப் பிடி எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னால் இழுத்தால் கிழியும், ஓரடி பின்வாங்கினால் விடும். பின்வாங்கும்போது கிழியாத அளவுக்கு இந்த நெசவு உறுதியாக இருக்கிறது என்று நம்புகிறேன்.

காலணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மென்மையான ரப்பர் அடி, கணுக்காலை மூடும் உயரம், கிளம்புவதற்கு முன் கால் பழகியிருக்க வேண்டும். பயண மருந்தகத்தில் மலேரியா மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். டாக்சிசைக்ளின் எடுத்துக்கொள்பவர்களுக்கு வெயிலில் தோல் சீக்கிரம் பொசுங்கும் என்று மருத்துவர் எச்சரித்தார். காலரும் நீளக் கையும் இருக்கும் சட்டை அந்த வகையிலும் உதவும்.

வேட்டை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். என் வீட்டிலும் பாதிப் பேர் சைவம். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆபத்தான விலங்கு இருக்கும் நிலத்தில் மனிதர்களைக் கால்நடையாக அழைத்துச் செல்பவர், அந்த விலங்கைப் படிக்கவும், கடைசிக் கட்டத்தில் வலி நீளாமல் முடிக்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். சிம்பாப்வேயில் நடைப்பயண வழிகாட்டிகளையும் வேட்டை வழிகாட்டிகளையும் இந்த அறிவில் சோதித்துத்தான் உரிமம் தருகிறார்கள். காயம்பட்ட எருமையை விட்டுவிட்டு வருவதை அவர்கள் பெரும் இழுக்காகக் கருதுகிறார்கள், எத்தனை மணி நேரமானாலும் தடம் பிடித்துப் போகிறார்கள். அந்தப் பொறுப்பைக் கற்கத்தான் போகிறேன். அரைகுறையாகக் கற்றுக்கொண்டு திரும்ப எனக்கு விருப்பமில்லை, அதனால்தான் ஒரு பித்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதில் இத்தனை பிடிவாதம்.

தையற்கூலி சட்டைக்கு 45 வெள்ளி, கால்சட்டைக்கு 60 வெள்ளி. துணி தனி. ஐந்து உடுப்புக்கும் துணியோடு சேர்த்து 400 வெள்ளிக்குள் அடங்கியது. பெரிய கடைகளில் நான் பார்த்த இறக்குமதிச் சட்டைகளில் இதே காசுக்கு மூன்றுதான் வரும், அவற்றில் வலது மார்புப் பையும் வெல்க்ரோவும் கட்டாயம் இருக்கும். பணத்தை ரொக்கமாகவும் கொடுக்கலாம், பேநவ் வழியாகவும் அனுப்பலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய வாரங்களில் போகாதீர்கள். காஜாவுக்குத் தடித்த நூல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இடது கைப்பழக்கம் உள்ளவர் என்றால் அதையும் முதலில் சொல்ல வேண்டும், பை பக்கம் மாறும். கால்சட்டைக்கு அளவு கொடுக்கப் போகும்போது காட்டில் போடப்போகும் காலணியையே போட்டுக்கொண்டு போங்கள், கணுக்காலில் ஓரம் எந்த உயரத்தில் மடிய வேண்டும் என்பதை அவர் அதை வைத்துத்தான் குறிக்கிறார்.